சாலையோரத்தில் நிற்பவற்றுக்கு இடம் விடுங்கள்: ஒரு திறந்த மடல்

மாநிலத்தின் ஊர்ப்புறச் சாலைகளை அகலப்படுத்தும் பொறியாளர்களுக்கும், சுற்றுலா இடங்களின் பட்டியலைத் தயாரிக்கும் அதிகாரிகளுக்கும்,

எங்கள் வட்டாரத்தில் அகலப்படுத்தப்படும் சாலையின் ஓரத்தில் நின்ற சுமைதாங்கிக் கல்லை உங்கள் ஒப்பந்ததாரரின் பொக்லைன் இயந்திரம் பெயர்த்துப் போட்டுவிட்டது. குறுக்குக் கல் இரண்டாக உடைந்தது. உடைந்த துண்டுகள் மண்ணோடு மண்ணாகச் சாலையின் கரையை நிரப்பப் போய்விட்டன. தூண் கற்கள் இரண்டும் ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. அந்த வேலை நடந்த நாட்களில்தான், நம் மாநிலத்தில் காண வேண்டிய இடங்கள் என்று வழவழப்பான தாளில் அச்சிட்ட கையேடு ஒன்று என் கைக்கு வந்தது. வழக்கமான மலை வாசத்தலங்கள், வழக்கமான கடற்கரைகள், வழக்கமான பெரிய கோபுரங்கள். இந்த இடங்களுக்கு நடுவே இருக்கும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சாலையில் பார்க்க எதுவுமே இல்லை என்பதுபோல அந்தக் கையேடு எழுதப்பட்டிருக்கிறது. இரண்டையும் ஒருசேரப் பார்த்தபிறகு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அந்தக் கல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கோப்பில் அது எங்கும் இல்லை. தோளுயரத்துக்கு இரண்டு கல்தூண்கள், அவற்றின்மேல் படுக்கையாக ஒரு கல். தலையில் சுமையோடு வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை அதன்மேல் சரித்துவிட்டு மூச்சு வாங்கலாம். பிறகு குனியாமல், பிறர் கைகொடுக்காமல் மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். விறகுக் கட்டும் நெல் மூட்டையும் உராய்ந்து உராய்ந்து மேற்கல்லின் விளிம்பு வழுவழுத்து, நடுவில் லேசாகக் குழிந்திருந்தது. முகப்பில் ஒரு பெண்ணின் பெயர் வெட்டியிருந்தது. பாதி எழுத்துகள் பழைய சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைந்திருந்தன. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது நம் ஊர்களின் வழக்கம். அவளால் இறக்கி வைக்க முடியாமல் போனது. வழிப்போக்கர்களாவது இறக்கி வைக்கட்டும் என்று வீட்டார் நட்ட கல் அது. இப்போது அவள் பெயர் சாலைக்கரையின் மண்ணுக்குள் இருக்கிறது.

வேலையை மேற்பார்த்தவரிடம் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, அலட்சியமாகவும் பேசவில்லை. வண்டியிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்துக் காட்டினார். வெட்ட வேண்டிய புளிய மரங்கள் ஒவ்வொன்றுக்கும் எண் இருந்தது. மின்கம்பங்கள் இருந்தன, குடிநீர்க் குழாய் இருந்தது, சிறுபாலங்கள் இருந்தன, சாலை எல்லைக்குள் நீட்டிக்கொண்டிருந்த தேநீர்க் கடையின் கூரைகூட இருந்தது. “இதில் அந்தக் கல் இல்லையே, நான் என்ன செய்வது?” என்று கேட்டார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. அவரிடம் கொடுக்கப்பட்ட தாளில் இல்லாத ஒன்றை அவர் எப்படிக் காப்பாற்றுவார்? அந்தத் தாளை வரைந்தவர்களிடமும், அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவர்களிடமும்தான் நான் பேசுகிறேன்.

அதே சாலையில், அரைக் கிலோமீட்டர் தள்ளி, ஒரு சிறு கோயிலும் அகலப்படுத்தும் எல்லைக்குள் வந்தது. ஊரார் கூடினார்கள், வட்டாட்சியர் வந்தார், பேச்சுவார்த்தை நடந்தது, கோயில் முறைப்படி பத்தடி உள்ளே தள்ளிக் கட்டப்பட்டது. அது நியாயம்தான். சுமைதாங்கிக்காகக் கூடுவதற்கு ஆளில்லை. பூசாரி இல்லை, நிர்வாகக் குழு இல்லை, திருவிழா இல்லை. அது யாருக்கும் சொந்தமில்லாமல் எல்லோருக்கும் பொதுவாக நின்றது. பொதுவாக நிற்பதைக் கேட்க நாதியில்லை என்றால், பொதுமக்களின் சார்பில் கேட்க வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்தான்.

நான் வாடகைக் கார் ஓட்டுகிறவன். கோயில்களுக்கும் திருமணங்களுக்கும் விடுமுறைக்கும் குடும்பங்களை அழைத்துப் போவது என் பிழைப்பு. புறப்பட்ட ஒரு மணி நேரத்தில் பின் இருக்கையில் பேச்சு ஓய்ந்துவிடும், பிள்ளைகள் சிணுங்கத் தொடங்குவார்கள், பெரியவர்களில் யாராவது, “வழியில் பார்க்க ஏதாவது இருக்கிறதா அண்ணே?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்காகவே நான் ஊர்ப்புறச் சாலைகளைக் கற்றுக்கொண்டேன். பயணம் முடிந்து பல மாதங்கள் கழித்து அவர்கள் மறுபடி கூப்பிடும்போது பெரிய கோயிலைப் பற்றிப் பேசுவதில்லை. “அந்த நாய்க் கல்லைக் காட்டினீர்களே, என் அண்ணன் குடும்பம் வந்திருக்கிறது, அவர்களுக்கும் காட்ட வேண்டும்” என்கிறார்கள்.

அந்த நாய்க் கல் எது என்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கப் போராடி இறந்தான். அவன் உருவத்தைக் கல்லில் செதுக்கியவர்கள் அதோடு நிறுத்தவில்லை. அவனுடைய நாயையும் கூடவே செதுக்கினார்கள். கோவிவன் என்பது அந்த நாயின் பெயர். கள்ளர்களைக் கடித்து, இறந்துகிடந்த தலைவனுக்குக் காவலாக நின்றது என்று எழுத்தில் பொறித்து வைத்தார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது! இதைச் சொன்னதும் பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை எழுந்து உட்கார்ந்து, “மாமா, அந்த நாய்க்கு என்ன நிறம்?” என்று கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். வரலாற்றைப் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்கள் அவர்களை இப்படிப்பட்ட கல்லின் முன்னால் நிறுத்திப் பார்த்ததில்லை.

விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் கிடைத்த நடுகல் சண்டையில் மடிந்த ஒரு சேவலுக்காக நட்டது. மேற்சேரியின் கோழி அது என்று கல்லே சொல்கிறது. வீரனுக்குக் கல் நடும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. சேவலுக்கும் நாய்க்கும் கல் நட்டு, அவற்றை ஊர் மறக்காமல் பார்த்துக்கொண்ட நாகரிகம் நம்முடையது. இதைவிட வியப்பான எதை உங்கள் கையேட்டில் போட வைத்திருக்கிறீர்கள் என்று உண்மையாகவே கேட்கிறேன்.

இன்னொரு சாலையைச் சொல்கிறேன். தஞ்சாவூரிலிருந்து தெற்கே ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாகக் கடற்கரைக்குப் போகும் வழி. ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. இரண்டாம் சரபோஜி மன்னர் தன் அன்புக்குரிய பெண்ணொருத்தியின் நினைவாக 1802இல் கட்டியது. வழிப்போக்கர்கள் தங்கிச் சாப்பிட்டுப் போன இடம். அதே சாலையில் மேலும் போனால் கடலோரத்தில் மனோரா நிற்கிறது. அறுகோண வடிவில், எட்டு நிலைகளோடு, அதே சரபோஜி 1814இல் எழுப்பியது. எதற்காகத் தெரியுமா? ஐரோப்பாவில் நெப்போலியன் வீழ்ந்ததைக் கொண்டாட. வங்கக் கடலோரத்து மீனவக் கிராமம் ஒன்றின் பக்கத்தில் நெப்போலியனின் வீழ்ச்சிக்கு ஒரு நினைவுக் கோபுரம் இருக்கிறது என்றால் வெளிமாநிலத்தவர் நம்ப மறுக்கிறார்கள். நேரில் பார்த்ததும் சிரிக்கிறார்கள், படியேறுகிறார்கள், பிறகு அமைதியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரே மன்னர் ஒரே வழியில் ஒரு பெண்ணுக்காகச் சத்திரமும் தூரத்துப் போருக்காகக் கோபுரமும் கட்டியிருக்கிறார். இந்த இரண்டையும் ஒரு நாள் பயணமாகச் சேர்த்துச் சொல்லும் ஒரு வரிகூட உங்கள் கையேட்டில் இல்லை.

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் பக்கம் நமணசமுத்திரம். அங்கே அய்யனார் கோயிலுக்குச் செல்லும் வழியின் இருபுறமும் சுடுமண் குதிரைகள் அணிவகுத்து நிற்கின்றன. வண்டியை விட்டு இறங்கி ஒரு குதிரையின் கழுத்தருகே போய்ப் பாருங்கள். மண்ணில் உமியைக் கலந்து பிசைந்திருப்பார்கள். சுட்டபோது உமி எரிந்துபோய் அதன் தடம் மட்டும் சின்னஞ்சிறு கோடுகளாக நிற்கும். கால்களையும் உடலையும் தலையையும் பகுதி பகுதியாக வளர்த்து, உள்ளே கூடாக விட்டு, வேளார் எனப்படும் குயவர்கள் செய்த வேலை. புரவியெடுப்பு விழாவில் புதிய குதிரைகள் தோளில் ஏறி வருகின்றன. பழையவை மழையிலும் வெயிலிலும் கரைந்து, காது உதிர்ந்து, கால் மடிந்து மெல்ல மண்ணுக்கே திரும்புகின்றன. அதே மாவட்டத்தின் குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் முப்பது அடிக்கு மேல் உயர்ந்த ஒரு குதிரை தாவிப் பாய்கிற கோலத்தில் நிற்கிறது. மாசிமகத்தன்று பக்தர்கள் சாத்தும் காகிதப்பூ மாலைகளில் அந்தக் குதிரையின் உடம்பே மறைந்துவிடும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிய குடும்பம் ஒன்று, போக நினைத்த மலை வாசத்தலத்தைக் கைவிட்டு, சுற்றியுள்ள ஊர்களின் அய்யனார்களைத் தேடியே மீதிப் பயணத்தை முடித்தது.

கல்லாகிப் போன மரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு அடிமரம் படுத்திருக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. அந்த நிலம் கடலாக இருந்த காலத்தில் ஆற்றோடு அடித்து வரப்பட்டுக் கடலடிச் சேற்றில் புதைந்து கல்லான மரம். கடல் அங்கிருந்து விலகிப்போய் எத்தனையோ யுகங்கள் ஆகிவிட்டன. மரம் மட்டும் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் அப்படிப்பட்ட கல்மரங்கள் ஒரு பெரிய பரப்பில் சிதறிக் கிடக்கின்றன; அவை சுமார் 2 கோடி ஆண்டுகள் பழையவை. 1781லேயே சோனரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் அவற்றைப் பற்றி எழுதினார். இரண்டு இடங்களையும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களாக அறிவித்து வேலியிட்டுக் காக்கிறது. ஒரு வேலி, ஒரு காவலர், நாலு வரி விளக்கம். காப்பதற்கு அவ்வளவுதான் தேவைப்பட்டது என்பதற்கு இந்த இரண்டும் சான்று.

தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிக்காட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் செம்மணல். அதற்கு நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் நன்னீர்ச் சுனை. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பக்கம், வந்து தங்கும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள். எழுதிக்கொண்டே போகலாம். உங்கள் ஊழியர்களில் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒருவரைக் கேட்டால் இதைவிட நீண்ட பட்டியல் கிடைக்கும்.

இப்போது உங்கள் தொழிலுக்கே வருகிறேன். தருமபுரி மாவட்டத்தில் அதியமான் பெருவழி என்ற பழைய நெடுஞ்சாலையைச் சேர்ந்த தொலைவுக் கற்கள் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் ஒன்று நாவற்தாவளம் என்ற ஊருக்கு 29 காதம் என்று சொல்கிறது; காதம் என்பது அந்நாளின் தொலைவு அளவு. எழுத்திலும் எண்ணிலும் சொன்னதோடு விடாமல், கல்லில் இரண்டு பெரிய குழிகளையும் ஒன்பது சிறிய குழிகளையும் வெட்டியிருக்கிறார்கள். பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று. எழுத்தறியாத வண்டிக்காரன் இருட்டில் வந்தாலும் விரலால் தடவிப் பார்த்து இன்னும் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ளலாம். அந்தக் குழிகளை வெட்டச் சொன்னவர் உங்கள் துறையின் மூத்தவர். அவர் சாலையைப் போட்டதோடு தன் வேலை முடிந்தது என்று நினைக்கவில்லை. சாலையில் வரப்போகிறவனையும் நினைத்தார். மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரைத் தென்மாவட்டச் சாலைகளில் இன்றும் மக்கள் சொல்வது அவர் போட்ட வழிகளுக்காக மட்டுமா? நட்ட மரங்களுக்காகவும் கட்டிய சத்திரங்களுக்காகவும்தான். முப்பத்திரண்டு அறங்களில் மாடு உரசிக்கொள்ளக் கல் நடுவதையும் ஓர் அறமாக வைத்த மரபு நம்முடையது.

அந்த மரபின் முன்னால் இன்றைய ஊர்ப்புறப் பயணம் எப்படி இருக்கிறது என்று ஓட்டுநராகச் சொல்கிறேன். பழைய சாலை ஊருக்குள் நுழைந்து வெளியே வந்தது; புறவழிச்சாலை ஊரை ஒதுக்கிவிட்டுப் போகிறது. எங்கே திரும்ப வேண்டும் என்று தெரிவதற்குள் மையத்தடுப்பு தொடங்கிவிடும். தவறவிட்டால் பல கிலோமீட்டர் போய்த்தான் திரும்ப முடியும். கைப்பேசியின் வரைபடம் வயல் வரப்பில் கொண்டுபோய் விடுகிறது. ஊர்ப்பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு சிறு பலகை இருந்தால் தீர்ந்துபோகிற சிக்கல். சுற்றுலா இடங்களுக்குப் பழுப்பு நிறப் பலகை வைக்க வேண்டும் என்று சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டு விதிகளிலேயே இருக்கிறது. அணைகளுக்கும் பெரிய கோயில்களுக்கும் அந்தப் பழுப்புப் பலகைகளைப் பார்க்கிறேன். நடுகல்லுக்கோ பழங்கால ஈமக் கட்டடமான கற்திட்டைக்கோ சுடுமண் குதிரைகளுக்கோ நான் ஓட்டும் வழிகளில் பார்ப்பது மிக அரிது.

நிறுத்த இடமில்லாதது அதைவிடப் பெரிய குறை. அகலப்படுத்தியபின் சாலையின் ஓரம் செங்குத்தாக இறங்கிவிடுகிறது. முன்பு புளிய மர நிழலில் ஒதுங்கி நின்ற வண்டி இப்போது தார் விளிம்பிலேயே நிற்க வேண்டியிருக்கிறது. நாலைந்து வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு தாய் இறங்கும்போது, பின்னால் வந்த லாரி ஒலிப்பானை விடாமல் அழுத்திக்கொண்டே உரசுவதுபோலக் கடந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். அதன்பிறகு அந்த இடத்தில் நான் வண்டியை நிறுத்துவதில்லை. எங்கள் சாலையில் இன்னும் அகலப்படுத்தாத பகுதியில் ஒரு பழைய மைல் கல் இருக்கிறது. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்ந்து உயர்ந்து கல் கழுத்துவரை புதைந்துவிட்டது. எண் மட்டும் மேலே தெரிகிறது, ஊரின் பெயர் மண்ணுக்குள்.

அழகுபடுத்துகிறோம் என்று நீங்கள் சொல்லும் வேலையும் எனக்கு அச்சம் தருகிறது. ஓர் ஊரில் வயல்மேட்டில் திறந்த வெளியில் நின்ற நடுகல்லைச் சுற்றிப் பளபளக்கும் தரை ஓடுகள் பதித்து, கல்லுக்கே எண்ணெய் வண்ணம் பூசிவிட்டார்கள். வீரனின் கையில் இருப்பது வில்லா வாளா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. எழுத்துகள் வண்ணத்தில் அடைபட்டுப் போயின. ஊரின் பெயரை ஆளுயர எழுத்துகளில் ஒளிரவைத்துப் படம் பிடித்துக்கொள்ள மேடை அமைப்பதற்கு நிதி கிடைக்கிறது. அந்த நிதியில் சிறு பகுதி போதும், ஒரு மாவட்டத்தின் எல்லா நடுகற்களுக்கும் வழிகாட்டிப் பலகை வைத்துவிடலாம். வழிபாட்டில் இருக்கும் அய்யனார் கோயில்களில் தலையிடவே வேண்டாம் என்பது என் கருத்து. குதிரைகள் கரைவதும் புதியவை வருவதும் அந்த ஊரின் முறை. அவற்றைக் கண்ணாடிக்குள் வைக்க யாரும் கேட்கவில்லை. போய்ச் சேரும் வழியைக் காட்டுங்கள், வண்டி நிற்க இடம் கொடுங்கள், மற்றதை ஊர் பார்த்துக்கொள்ளும்.

சாலை வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குறுகிய வளைவில் எதிரே பேருந்து வரும்போது நெஞ்சு அடித்துக்கொள்வது எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆம்புலன்ஸ் வேகமாகப் போக வேண்டும், கரும்பு லாரி சாயாமல் போக வேண்டும், பள்ளிப் பிள்ளைகள் ஓரமாக நடக்க வேண்டும். அகலமான சாலை எங்கள் உயிரைக் காக்கிறது. ஆனால் அதே பொக்லைன், அதே ஓட்டுநர், கூட ஒரு கயிறும் நாலு ஆட்களும் இருந்தால் அந்தச் சுமைதாங்கியை உடைக்காமல் எடுத்துப் பத்தடி தள்ளி நட்டிருக்கலாம். ஒரு காலைப் பொழுதின் வேலை. அதற்கு ஆகும் செலவு உங்கள் மதிப்பீட்டில் கண்ணுக்கே தெரியாது. கோயிலைத் தள்ளிக் கட்ட முடிந்தவர்களுக்கு ஒரு கல்லைத் தள்ளி நடுவது முடியாத காரியமா?

சட்டம் எங்களுக்குத் துணை நிற்கவில்லை என்பதும் தெரியும். 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமும் பாதுகாக்கப்பட்டவை என்று முறைப்படி அறிவிக்கப்பட்ட சின்னங்களைக் காக்கின்றன. சுமைதாங்கியையும் மாடு உரசும் கல்லையும் பழைய மைல் கல்லையும் யாரும் அறிவிக்கப்போவதில்லை. அவை எண்ணிக்கையில் அதிகம், உருவத்தில் எளியவை. சட்டம் காக்காத இடத்தில் உங்கள் வரைபடம் காக்கலாம். ஒரு மரத்துக்கு எண் போட முடிந்த உங்களால் ஒரு கல்லுக்கும் எண் போட முடியும்.

என் கோரிக்கைகள் இவை.

ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு தூண் கற்களையும் இருந்த இடத்துக்கு நேராக, புதிய சாலை எல்லைக்கு வெளியே மறுபடி நடுங்கள். உடைந்த குறுக்குக் கல் கரையில் எங்கே புதைந்தது என்று இயந்திரத்தை ஓட்டியவருக்குத் தெரியும். அவரைக் கேட்டு, பெயர் வெட்டிய துண்டையாவது தோண்டி எடுங்கள். கிடைக்காவிட்டால் அதே வகைக் கல்லில் புதிய குறுக்குக் கல் வைத்து, வீட்டார் யாராவது இருக்கிறார்களா என்று ஊரில் விசாரித்து, அந்தப் பெண்ணின் பெயரை வெட்டுங்கள்.

இனி எந்த ஊர்ப்புறச் சாலையை அகலப்படுத்தினாலும், ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன் அந்தச் சாலையை ஒருமுறை நடந்து பாருங்கள். வண்டியில் போகாதீர்கள், நடங்கள். கிராம நிர்வாக அலுவலரையும் ஊரின் மூத்தவர் ஒருவரையும் கூட அழைத்துப் போங்கள். அந்த மாவட்டத்தின் தொல்லியல் ஆர்வலர்களுக்குத் தகவல் கொடுங்கள், அவர்கள் கூலி கேட்காமல் வருவார்கள். சுமைதாங்கி, நடுகல், மைல் கல், கல்தொட்டி, மாடு உரசும் கல், பாழடைந்த சத்திரம் என்று எது இருந்தாலும் படமெடுத்து, எண் கொடுத்து, வரைபடத்தில் சேருங்கள். அவற்றை உடைக்காமல் இடம் மாற்றுவது ஒப்பந்ததாரரின் கடமை என்றும், உடைத்தால் தண்டத் தொகை உண்டு என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

சுற்றுலாவுக்குப் பொறுப்பானவர்களிடம் கேட்பது: அடுத்த கையேட்டை ஊர்களின் வரிசையில் தயாரிக்காமல் சாலைகளின் வரிசையில் தயாரியுங்கள். தஞ்சாவூரிலிருந்து மனோரா வரை, புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வரை, பெரம்பலூரிலிருந்து சாத்தனூர் வரை என்று ஒவ்வொரு வழியிலும் நின்று பார்க்க வேண்டியவற்றை எழுதுங்கள். முதன்மைச் சாலையில் திருப்பத்துக்கு முன்பே பழுப்புப் பலகை வையுங்கள். தமிழில் பெரிதாக, தூரத்தோடு. இடத்தில் நாலைந்து வரியில் கதையைச் சொல்லும் ஒரு கல்வெட்டுப் பலகை போதும். இரண்டு மூன்று கார்களும் ஒரு பேருந்தும் பத்திரமாக ஒதுங்கி நிற்கும் அளவு சமதளம், ஒரு மர நிழல், ஒரு குப்பைத் தொட்டி. அலங்கார நுழைவு வளைவு வேண்டாம், நுழைவுக் கட்டணம் வேண்டாம், வண்ண விளக்கு வேண்டாம். நடுகற்களின் மீது பூசிய எண்ணெய் வண்ணத்தைத் தேர்ந்தவர்களைக் கொண்டு அகற்றுங்கள். இனி யாரும் பூசாதபடி ஊராட்சிகளுக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

கடைசியாக, உடனே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. எங்கள் சாலையில் அடுத்த பகுதி வேலை இன்னும் தொடங்கவில்லை. அந்தப் பகுதியில், ஏரிக்கரை வளைவைத் தாண்டியதும் இடப்புறம் மாடு உரசும் கல் ஒன்று நிற்கிறது. அதிலிருந்து கொஞ்ச தூரத்தில் நான் மேலே சொன்ன மைல் கல். இரண்டையும் வரைபடத்தில் குறித்து, எங்கே மாற்றி நடுவது என்று முடிவுசெய்து, ஒப்பந்ததாரருக்கு எழுத்தில் உத்தரவு கொடுங்கள். உத்தரவின் நகலை எங்கள் ஊராட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். அது ஒட்டப்படும்வரை அந்த வளைவில் இயந்திரத்தை இறக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஊர்ப்புறச் சாலைகளில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவன்